கிளைக்குக் கட்டிய கயிறு

நெடுங்காட்டைத் தாண்டிக் குரும்பகரம் போய்ச் சேர்ந்தபோது காலை ஏழரை. ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்து நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தைக் கழிக்கப் போகிறார்கள், வந்து பாருங்கள் என்று நண்பர் கூப்பிட்டிருந்தார். மரத்தடியில் அறுபது கடந்த பெரியவர் வடத்தைப் பிரித்துப் போட்டு, கைப்பிடி கைப்பிடியாக நழுவவிட்டு, எங்காவது இழை விட்டிருக்கிறதா என்று தடவிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் வேறு எதுவும் நடக்கவில்லை.

பிறகு அவருடைய மருமகன் ஏறினார். அறுக்க வேண்டிய கிளையில் வடத்தைக் கட்டி, மேலே ஒரு கவட்டையில் போட்டு, மறுமுனையைக் கீழே விட்டார். பெரியவர் அதை அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். அறுந்த கிளை ஓட்டில் விழாமல் இந்தச் சுற்றின் பிடிமானத்தில்தான் மெதுவாக இறங்கும். ஆனால் மேலே நிற்பவரின் இடுப்பில் கயிறு இல்லை. இடது கையால் கிளையை அணைத்துக்கொண்டு வலது கையால் சங்கிலி ரம்பத்தை இயக்கினார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

1926இல் ஜெர்மனியில் ஆந்திரேயாஸ் ஸ்டீல் காப்புரிமை பெற்ற மின் சங்கிலி ரம்பத்தைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். தரையில் கிடக்கும் கட்டையைத் துண்டு போடுவதற்காக வந்தது அது. இன்று அதன் வாரிசை ஒற்றைக் கையில் பிடித்து மரத்தில் நிற்கிறார்கள். சுழலும் முனையின் மேல்பாதி கட்டையில் இடித்தால் ரம்பம் எகிறி முகத்துக்கு வரும். இரண்டு கையும் அதில் இருந்தால்தான் அடக்க முடியும்.

"கோடாலியில வேலை செஞ்சப்ப மரம் சொல்லும் தம்பி" என்றார் பெரியவர். "முறியப்போற கிளை முதல்ல முனகும். கீழேருந்து நான் ஒரு குரல் கொடுத்தாலும் கேக்கும். இப்ப மிஷின் சத்தத்துல ரெண்டும் கேக்காது."

கோடாலிக் காலத்திலும் ஆபத்து இல்லாமல் இல்லை. மழையில் வழுக்கும் பட்டை, கிளைக்குள் ஒளிந்திருக்கும் கதண்டுக் கூடு, உளுத்த கொம்பு எல்லாம் அப்போதும் உண்டு. ஆனால் ஒரு மரத்துக்கு ஐந்தாறு பேர், இரண்டு நாள். களைத்தவர் இறங்க, அடுத்தவர் ஏறுவார். இப்போது மூன்றே பேர், மதியத்துக்குள் முடிக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த பிறகு வந்த வாரங்களைப் பெரியவர் மறக்கவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்து வில்லாக வளைந்து கிடந்த மரங்கள் அவை. ரம்பம் பட்டதும் ஒரு கிளை விசிறி அடித்ததில் கூட்டாளி ஒருவரின் தோள்பட்டை உடைந்தது. அவர் அதன்பின் மரம் ஏறவில்லை.

இடுப்பில் ஏன் கட்டிக்கொள்வதில்லை என்று கேட்டேன். "கதண்டு கிளம்பினா எப்படித் தம்பி இறங்குறது?" நியாயமான பயம். வெட்டும் கிளையில் கட்டிக்கொண்டால் அதோடு போக வேண்டியதுதான். வெட்டுக்கு மேலே அடிமரத்தில் தனிக்கயிறு போட்டு, அதிலேயே வழுக்கி இறங்கும் முறையை வெளிநாடுகளில் பழக்குகிறார்கள். இங்கே அந்தக் கயிற்றையும் இடுப்பு வாரையும் யார் வாங்கித் தருவது? நின்ற மரத்துக்கு மொத்தமாக விலை பேசும் வியாபாரி லாரி வாடகையைக் கணக்கில் வைக்கிறார், டீசலை வைக்கிறார். விழப்போகிற ஆளை வைப்பதில்லை. தென்னை ஏறுபவருக்காவது தென்னை வளர்ச்சி வாரியத்தின் 'கேர சுரக்ஷா' விபத்துக் காப்பீடு உண்டு. தூங்குமூஞ்சி ஏறுபவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். உயரம் ஒன்றுதான், எலும்பும் ஒன்றுதான். இது அநியாயம்.

பன்னிரண்டு மணிக்குக் கடைசிக் கிளை இறங்கியது. ஓர் ஓடுகூட உடையவில்லை. மருமகன் இறங்கி, நடுங்கும் விரல்களை மடக்கி மடக்கி நீட்டினார். வீட்டுக்காரர் கூரையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.