வாரின் வயது

சிங்கப்பூரில் ஒரு வண்டியின் ஆயுள் பத்தாண்டு என்று எண்ணிப் பழகிவிட்டோம். 1990ஆம் ஆண்டு வாகன உரிமைச் சான்றிதழ் முறை நடைமுறைக்கு வந்ததிலிருந்து அந்தக் கணக்கு நம் மனத்தில் ஊறிவிட்டது. பத்தாண்டு முடிந்தபின் கட்டணம் செலுத்தி ஐந்தாண்டுக்கோ பத்தாண்டுக்கோ நீட்டித்துக்கொள்ளலாம். பிடோக்கில் நான் வைத்திருக்கும் வண்டியும் அவ்வாறு நீட்டிக்கப்பட்டதே. சான்றிதழ் புதிதாகலாம், எந்திரத்தின் இரப்பர் புதிதாவதில்லை.

அந்த இரப்பருள் முதன்மையானது, நாம் பெல்ட் என்று அழைக்கும் வார். செருப்பு வார் என்று இன்றும் வழங்கும் அதே சொல்தான். எந்திரத்தின் சுழற்சியை வாங்கி ஆல்டர்னேட்டர், ஏர்கான் கம்ப்ரஸர் ஆகியவற்றையும், பல வண்டிகளில் வாட்டர் பம்ப்பையும் ஸ்டியரிங் பம்ப்பையும் சுழற்றுவது இதுவே. முன்னாளில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வார் இருந்தது. பின்னாளில் ஒரே நீண்ட வார் எல்லாவற்றையும் சுற்றி ஓடலாயிற்று. ஆகவே அது அறுந்தால் அனைத்தும் ஒருசேர நின்றுவிடும்.

"வாரில் வெடிப்பு விழுந்தால் மாற்று" என்பது பழைய பாடம். நியோப்ரீன் இரப்பருக்கு அது பொருந்தியது. 1990களின் பிற்பகுதியிலிருந்து பரவிய இ.பி.டி.எம். இரப்பர் எளிதில் வெடிப்பதில்லை. கார் டயரைப் போல ஓசையின்றித் தேய்கிறது. காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் எங்கள் வண்டியின் வாரைக் கழற்றிய முதியவர், புதியதை அதனருகில் வைத்துக் காட்டினார். பழையதில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் வரிப்பள்ளங்கள் அகன்று ஆழமாகியிருந்தன. அவ்வாறு தேய்ந்த வார் கப்பியை இறுகப் பற்றாது வழுக்கும். மின்கலம் போதிய மின்னேற்றம் பெறாது. பேட்டரி அடிக்கடி இறங்குகிறதே என்று புதியது வாங்குவோர், முதலில் இந்த வாரைப் பார்த்தல் நலம்.

வாரை மாற்றும்போது அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரையும் துணைக் கப்பிகளையும் கையால் சுழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கரகரத்தாலோ ஆடினாலோ அவற்றையும் உடன் மாற்றுவதே சிக்கனம். தளர்ந்த டென்ஷனர் புதிய வாரையும் விரைவில் கெடுத்துவிடும். எந்திரத்தின் மூடிக்குள் ஓடும் டைமிங் பெல்ட் வேறு. அது அறுந்தால் பல எந்திரங்களில் பிஸ்டன் வால்வுகளை மோதி வளைத்துவிடும். இரண்டுக்குமான கால அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும்.

பத்து வயது கடந்த வண்டிகளுக்கு இங்கே ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. அதில் தேறிவிட்டோம் என்று அமைதி கொள்ளாமல், வாரின் தேய்மானத்தை அளந்து பார்க்கும்படி பட்டறையில் நாமே கேட்பது நல்லது.

இறுதியாக ஒன்று. தீவு விரைவுச்சாலையில் செல்கையில் பேட்டரி விளக்கு சிவந்து, ஸ்டியரிங் கனத்து, வெப்பமுள்ளும் ஏறினால், "வீடு அருகில்தானே" என்று ஓட்டாதீர்கள். வாட்டர் பம்ப் நின்ற எந்திரம் சில நிமிடங்களிலேயே கொதித்துப் பாழாகும். ஓரமாக நிறுத்தி அணைத்துவிடுங்கள். வாருக்கு ஆகும் செலவு சிறிது. எந்திரத்துக்கு ஆகும் செலவில் அந்த வண்டியையே இழக்க நேரிடும்.