அதே தலை, அதே கோணம்

"பட்டனை அமுக்குத வேலைதான அண்ணாச்சி, மிச்சத்தைக் கம்ப்யூட்டர் பாத்துக்கிடும்லா?" என்று கேட்டான் குத்துக்கல்வலசையில் பக்கத்து வீட்டுத் தம்பி. எம்.ஆர்.ஐ. டெக்னீஷியனாக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு இது பழகிய பேச்சு. ஆனால் அல்சைமர் மருந்தான டோனனெமாப் 2025-இல் இந்தியாவிலும் அனுமதி பெற்றுவிட்டது. இனி இந்த அலட்சியம் ஆபத்து.

அந்த மருந்து மூளையில் படிந்த அமிலாய்டை அகற்றுகிறது. ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்திருப்பதும் அகலும்போது குழாய் கசியலாம். நீர் கசிந்து வீங்கினால் 'ஏரியா-ஈ', ரத்தம் கசிந்தால் 'ஏரியா-எச்'. பெரிய ஆய்வில் மருந்து பெற்றவர்களில் 24 சதவீதம் பேருக்கு வீக்கம் தெரிந்தது. பெரும்பாலோருக்குத் தலைவலிகூட இல்லை, படம்தான் காட்டிக்கொடுத்தது. அதனால்தான் மருந்து தொடங்கும் முன் ஒரு எம்.ஆர்.ஐ. ஸ்கேன். பிறகு 2, 3, 4, 7-ஆம் தவணைகளுக்கு முன்பும் ஸ்கேன்.

எம்.ஆர்.ஐ.யில் ஃபிளேர் என்ற வகைப் படத்தில் நீர்க்கசிவு வெள்ளை, எஸ்.டபிள்யூ.ஐ. என்ற வகையில் ரத்தக்கசிவு கறுப்புப் புள்ளி. இது எங்கள் தொழிலில் எல்லோரும் அறிந்ததே. கஷ்டம் ஒப்பிடுவதில். 1.5 டெஸ்லா காந்த மெஷினில் தெரியாத புள்ளி 3 டெஸ்லாவில் தெரியும். ஜி.ஆர்.ஈ. என்ற வகைப் படத்தில் மறைந்தது எஸ்.டபிள்யூ.ஐ.யில் எழும். மெஷினை மாற்றினால் பழைய கசிவே புதிய கசிவாகிவிடும். மருந்தை வீணாக நிறுத்துவார்கள்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மதுரை அண்ணன் ஃபிலிம் காலத்து ஆள். "நேத்து எடுத்த படத்துமேல இன்னைக்கு எடுத்ததை வச்சா ஒண்ணா உக்காரணும்டா" என்பார். உட்காராவிட்டால் மறுபடி எடுக்க வைப்பார். மறதி நோயாளி சத்தத்துக்குப் பயந்து தலையைத் திருப்புவார். அவர் பெயரைச் சொல்லி, மகளைப் பக்கத்தில் நிறுத்திக் கையைப் பிடிக்கச் சொல்லி, இரு கன்னங்களின் பக்கத்திலும் பஞ்சு அடைத்து, பொறுத்திருந்து எடுக்க வேண்டும். அந்தப் பொறுமையைக் கம்ப்யூட்டர் தராது.

இன்று வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று எஸ்.டபிள்யூ.ஐ.யையே விட்டுவிடுகிறார்கள். தலை அசைந்த படத்தையும் அனுப்பிவிடுகிறார்கள். கேட்டால், "டாக்டர் பார்த்துப்பார் சார்." இல்லாத படத்தில் எந்த டாக்டர் எதைப் பார்ப்பார்?

வீட்டில் யாருக்காவது இந்த மருந்து போட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே மெஷினில் எடுங்கள். பழைய சி.டி.யைக் கொண்டுபோங்கள். திடீரென்று பேச்சுக் குழறினால், கை கால் விழுந்தால், அவசரப் பிரிவில் முதலில் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். பக்கவாதம் என்று நினைத்துப் போடும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, இவர்களுக்கு மூளையில் பெரும் ரத்தக்கசிவை உண்டாக்கலாம்.