நாழி, உரி, உழக்கு, செவிடு

கோப்பில் எண்களாகக் கிடக்கும் இசையை மின்னலையாக மாற்றித் தரும் கருவிக்கு டாக் என்று பெயர். கைபேசிக்குள்ளும் ஒன்று இருக்கிறது, நகத்தளவுகூட இராது. நான் வாங்கத் தீர்மானித்திருப்பது பன்னிரண்டு கிலோ எடையுள்ளது. விலையைச் சொல்லப்போவதில்லை, கயத்தாறில் நான் இன்னும் சில வருடங்கள் நடமாட வேண்டும். பேச வந்தது அதன் ஆர்டர் படிவத்தில் இருக்கும் கட்டங்களைப் பற்றி. மின்வழங்கியை உயர்த்த வேண்டுமா, கடிகாரத்தை மாற்ற வேண்டுமா, வெளியீட்டில் வால்வு வேண்டுமா, பேலன்ஸ்டு இணைப்பு வேண்டுமா? எல்லாவற்றிலும் டிக் அடித்தால் விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இத்தனையும் காருகுறிச்சி அருணாசலத்துக்காக. ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1921இல் பிறந்து, கோவில்பட்டியைத் தன் ஊராக்கிக்கொண்டு, 1964இல் மறைந்தவர். 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு வரும் நாதஸ்வரத்தால் தமிழ்நாடு முழுவதும் அவரை அறிந்தது. கரிசல்காட்டுக்கு அந்த அறிமுகம் தேவைப்படவில்லை. என் அப்பா தன் இருபதாவது வயதில் பந்தல்காலை ஒட்டித் தரையில் உட்கார்ந்து அவரைக் கேட்டிருக்கிறார். இப்போது அப்பாவுக்கு எண்பத்து நான்கு. இங்கிருந்து கோவில்பட்டி போகும் வழியில்தான் இடைசெவல், கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் சங்கீதப் பித்தோடு வளர்ந்த ஊர். அவர்கள் காலத்து விளாத்திகுளம் சுவாமிகளை நான் எழுத்தில்தான் கேட்டிருக்கிறேன். காருகுறிச்சிக்கு ஒலிப்பதிவுகள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றிலிருந்து எவ்வளவு மீட்க முடியும் என்பதே என் கேள்வி.

முதல் தேர்வு உட்கருவைப் பற்றியது: மின்தடை ஏணியா, டெல்டா சிக்மாவா? பழைய முகத்தலளவை தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். நாழியில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு. சிலவற்றை முகந்து சிலவற்றை விட்டால் எந்த அளவையும் சொல்லிவிடலாம். ஏணி செய்வது இதையேதான். 16 பிட் என்றால் அடுத்தடுத்துப் பாதியாகும் பதினாறு அளவைகள். சிக்கல் பெரிய அளவையில் இருக்கிறது. நாழி ஒரு நெல்மணி பிசகினாலும் கடைசிச் சிற்றளவை முழுவதும் அந்தப் பிசகுக்குள் முங்கிவிடும். 65,536இல் ஒரு பங்கு துல்லியம் கேட்கிற வேலை அது. அதனால் 0.01 சதவீதத் துல்லியமுள்ள மின்தடைகளைக்கூட மேலும் சரிக்கட்டித்தான் பயன்படுத்துகிறார்கள். நாம் கொடுக்கும் காசு அதற்குத்தான் போகிறது. டெல்டா சிக்மாவிடம் இருப்பதோ செவிடு மாதிரி சில சின்னஞ்சிறு அளவைகள் மட்டும். (ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. பெயர் வைத்தவரின் குறும்பை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.) அவற்றால் விநாடிக்குப் பல லட்சம் தடவை முகந்து ஊற்றிச் சராசரியைச் சரியாக்குகிறது, அதில் எழும் இரைச்சலைக் காதுக்கு எட்டாத அலைவரிசைக்குத் தள்ளிவிடுகிறது. அளந்து பார்த்தால் இன்று அதுவே முன்னால் நிற்கிறது, விலையும் குறைவு. இருந்தும் நான் ஏணிக்கட்சி. அளவுமானியைவிட ஆழாக்கின் மேலுள்ள பாசமே இதற்குக் காரணம் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகமாட்டேன்.

கடிகாரக் கட்டத்தை விட்டுவிடுவது எளிதாக இருந்தது. யுஎஸ்பி வழியாக இசை வரும்போது தாளத்தைத் தீர்மானிப்பது கணினி அல்ல, டாக்கின் உள்ளிருக்கும் படிகம். இன்றைய நல்ல படிகங்களின் தடுமாற்றம் ஒரு பிக்கோ விநாடி அளவில் இருக்கிறது. 16 பிட் இசைக்கு நூறு பிக்கோ விநாடிவரை பொறுக்கலாம் என்பது கணக்கு. மேலும், நான் கேட்கப் போவது 78 சுழற்சி இசைத்தட்டிலிருந்தும் பழைய ஒலிநாடாவிலிருந்தும் எடுத்தவை. இசைத்தட்டில் எட்டு கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் ஊசியின் சரசரப்புதான். அந்தச் சரசரப்பைப் பிக்கோ விநாடி பிசகாமல் கேட்டு என்ன செய்ய? பேலன்ஸ்டு இணைப்பும் அப்படியே; என் ஆம்ப்ளிஃபையரில் அதற்கு வாசலே இல்லை. வால்வு வேண்டாம். சித்திரை மாதம் இந்த ஊரில் இன்னொரு அடுப்பை யாரும் விலைக்கு வாங்கமாட்டார்கள்.

மின்வழங்கிக்கு மட்டும் அப்பாவைக் கேட்டேன். அவருடைய செவித்திறன் வரைபடத்தில் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கோடு மலைச்சரிவாக இறங்குகிறது. நாதஸ்வரத்தின் சீவாளி எழுப்பும் மேல்சுரங்கள் மின்னும் இடம் சரியாக அதுதான். திருநெல்வேலி நண்பர் ஒருவர் ஒரே டாக்கின் இரண்டு வடிவங்களைக் கொண்டுவந்தார்: சாதாரண மின்வழங்கியோடு ஒன்று, உயர்த்தியதோடு ஒன்று. அரை டெசிபல் சத்தம் கூடினாலே அதுதான் நல்லது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும் என்பதால், 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு ஸ்பீக்கர் முனையில் மல்ட்டிமீட்டர் வைத்து இரண்டையும் சமப்படுத்தினோம். கருவிகளின் மேல் ஒரு போர்வை. ஆறு சுற்று. ஐந்தில் அப்பா உயர்த்தியதையே சுட்டினார். நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் ஒன்பதில் ஒரு தடவை இந்த அளவுக்கு விழும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மூன்றாவது சுற்றில் அவர் சொன்ன காரணத்தை நாணயம் சொல்லியிருக்காது: "இதுல தவில்காரர் கொஞ்சம் தள்ளி உக்காந்திருக்காரு, ஐயா." மேல்சுரம் எட்டாத காது கீழே இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இந்த ஊரில் மின்வழங்கியைப் பற்றி யோசிக்காமல் இருக்கவும் முடியாது. செங்கோட்டைக் கணவாய்க் காற்றுக்காகவே கயத்தாறைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்கின்றன. காற்றாலைகளைச் சோதிக்கும் மத்திய அரசின் நிலையமே இங்கே இருக்கிறது. அந்தப் பெருமை என் வீட்டு மின்கம்பிவரை வருவதில்லை. பம்புசெட் மோட்டார் ஓடத் தொடங்கினால் மின்விளக்கு கண்ணடிக்கும். மின்சாரத்தில் கொஞ்சம் நேர்மின்னோட்டம் கலந்தாலும் டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர் வண்டுபோல் ரீங்கரிக்கும். கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்து எர்த் கம்பியைக் கைவிட்டுவிடும். மின்வழங்கிக் கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, உப்பும் அடுப்புக்கரியும் வாங்கி எர்த் குழியை ஆழப்படுத்தினேன். அதற்கு ஆன செலவைப் படிவத்தின் எந்தக் கட்டத்தாலும் தோற்கடிக்க முடியாது. வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு.

மற்றக் கட்டங்களில் மிச்சமான பணத்தில் அப்பாவுக்குக் காதுக்கருவி வாங்கலாம் என்று எண்ணம். இங்கேதான் முடிச்சு விழுகிறது. ஏணியில் அளந்து அளந்து நான் எழுப்பும் அலையை அந்தச் சிறு கருவி மறுபடி எண்ணாக்கும். அமுக்கும், வெட்டும், ஒட்டும். பிறகு தன் பங்குக்கு மறுபடி அலையாக்கி அவர் காதில் விடும். பன்னிரண்டு கிலோவுக்கு அப்பால் கடைசி வார்த்தை ஒரு கிராம் எடைகூட இல்லாத ஒரு சில்லுக்குத்தான். பேச்சுக்காக அமைந்த கருவி நாதஸ்வரத்தின் முழக்கத்தைக் கண்டு மிரண்டு அமுக்கிவிடும் என்பதால், இசைக்கென்று தனி அமைப்பு உள்ளதைப் பார்க்கச் சொன்னார் செவிமருத்துவர்.

அப்பாவிடம் சொன்னேன். பேச்சுக்கு மாட்டிக்கொள்கிறாராம். காருகுறிச்சி வாசிக்கும்போது கழற்றி வைத்துவிடுவாராம்.