பிட்லாவும் ஒரு சமாதானமும்

புனேயை அடுத்த நிக்டியில் ஏப்ரல் வெயில் வெண்ணெய்க்கு எதிரி. எடுத்து வெளியே வைத்த கால் மணியில் குழைந்துவிடும். ஐரோப்பியர்களின் காய்கறி டார்ட்டுக்கோ, வெண்ணெய் குளிர்ந்திருந்தால்தான் உயிர். மைதாவுக்குள் துணுக்குத் துணுக்காக ஒட்டிக்கிடக்கும் வெண்ணெய் ஓவன் சூட்டில் உருகும். அதிலுள்ள நீர் ஆவியாகி மாவை ஏடு ஏடாகப் பிரிக்கும். மொறுமொறுப்பு பிறப்பது அப்படித்தான். முன்கூட்டியே உருகினால் கிடைப்பது கெட்டி ரொட்டி.

அதனால் பிராதிகரண் பகுதியின் அந்த வீட்டில் மாவு பிசையும் நேரம் விடியற்காலை 5.30. பிசைபவர் மராத்தி மருமகள். காய் பறிப்பவர் கும்பகோணத்து மாமியார், வயது 78. பிம்ப்ரி-சிஞ்ச்வட் புதுநகர வளர்ச்சி ஆணையம் 1972இல் அமைந்த பிறகு, தொழிற்சாலை வேலையை நம்பி வந்து இங்கே வேரூன்றிய தமிழ்க் குடும்பம். வாசலில் பத்தடிக்கு எட்டடி மண். அதில் தக்காளி, கத்தரி, குடைமிளகாய், ஒரு பந்தல் பீர்க்கை. 2019 நவம்பரில் மாநகராட்சி ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் விட ஆரம்பித்ததிலிருந்து, அரிசி களைந்த நீரில்தான் தோட்டம் கோடையைக் கடக்கிறது.

இரண்டு பெண்களுக்கும் நடுவே பத்து வருடங்களாக நின்றது அந்த ஓவன்தான். முட்டை போட்ட கேக் வெந்த இடம். அதில் வெந்த எதையும் மாமியார் தொட்டதில்லை. சண்டை கிடையாது. "பசி இல்லைம்மா" என்ற ஒரே பதில். மருமகளுக்கு அதுவே முள்.

மாமனார் காலமான பிறகு நிலைமை மாறியது. மாமியாரின் சாப்பாடு ஒரு பிடி மோர் சாதமாகச் சுருங்கியது. அவர் பறித்த காய்கள் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போயின. எடை குறைந்தது. டாக்டர் எச்சரித்தார். கௌரவம் பார்க்கும் நேரம் இல்லை என்று மருமகள் முடிவு செய்தார். ஓவன் தேய்த்துக் கழுவப்பட்டது. புதுத் தட்டு வந்தது. இனி பிறந்தநாள் கேக் கடையில்தான் என்று பிள்ளைகளுக்கு அறிவிக்கப்பட்டது. டார்ட்டுக்குள் காய்களைப் பிடித்து நிறுத்துவது முட்டைதான். அதுவும் இல்லாமல் செய்ய வேண்டும்.

வழி காட்டியது அவர் பிறந்த வீட்டு பிட்லா. கடலை மாவைக் கரைத்துக் கொதிக்கவிட்டால் கெட்டிப்படுவது மராத்தி வீடுகளில் குழந்தைக்கும் தெரியும். அரை கப் கடலை மாவு, ஒரு கப் தயிர், கால் கப் தண்ணீர், தாளித்த கடுகு, கறிவேப்பிலை. முட்டை செய்யும் வேலையை இதுவும் செய்துவிடும்.

மேலோட்டுக்கு 200 கிராம் மைதா, 100 கிராம் குளிர்ந்த வெண்ணெய், நாலு ஸ்பூன் ஐஸ் தண்ணீர். விரல் நுனியால் உதிர்த்து, சேர்த்து உருட்டி, ஃபிரிட்ஜில் அரை மணி. தட்டில் பரப்பி, மேலே காகிதம் போட்டு, உப்பி எழாமலிருக்க ராஜ்மாவைக் கொட்டி 200 டிகிரியில் 15 நிமிடம். காய்களை நறுக்கி உப்புப் பிசறி 20 நிமிடம் வைத்துப் பிழிய வேண்டும். பீர்க்கையும் தக்காளியும் விடும் நீர் அடியை நமுக்கவைத்துவிடும். பிறகு பிட்லாக் கரைசலை ஊற்றி 180 டிகிரியில் 35 நிமிடம்.

"ஆயி, முட்டை இல்லை. உங்க பீர்க்கங்காய்தான்" என்று தட்டை நீட்டினார் மருமகள், தன் தமிழில். மாமியார் ஓரத்தை ஒடித்து வாயில் போட்டார். மென்றார். "உப்பு கொஞ்சம் தூக்கல்."

குறைதான். ஆனால் சாப்பிட்டவர் மட்டுமே சொல்லக்கூடிய குறை. பிசறிய உப்பு காயிலேயே தங்கியிருந்ததை மருமகள் கவனிக்கவில்லை. மறு வாரம் கரைசலில் உப்பைப் பாதியாக்கினார். மாமியார் இரண்டு துண்டு சாப்பிட்டார். அந்த வாரம் பக்கத்து வீட்டுக்குப் பீர்க்கங்காய் போகவில்லை.