மே மாதப் பனியும் பூக்காத மொச்சையும்

“கொடி வேலி முழுக்கப் படர்ந்திடுச்சு. இலை ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலம் இருக்குது. பூ மட்டும் ஒண்ணுகூடக் காணோம். என்ன உரம் வைக்கலாம்?”

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசனத் தோட்டம் வைத்திருக்கும் அம்மா ஒருவர், ஆகஸ்ட் மாதத்தில் கேட்ட கேள்வி இது. கேட்டது ஒட்டன்சத்திரத்திலிருந்து அல்ல. கனடா நாட்டின் டொரொன்டோ நகரத்தில், மகன் வீட்டுக் கொல்லையில் நின்றுகொண்டு கேட்டார். நாற்பது வருஷமாகத் தக்காளியும் மொச்சையும் விளைவித்துச் சந்தைக்கு அனுப்பியவருக்கே மொச்சை பூக்காத காரணம் பிடிபடவில்லை.

கணவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. மகன் கூப்பிட்டதால் ஏப்ரல் கடைசியில் ஆறு மாதத் தங்கலுக்குப் போனார். நகரின் கிழக்கே ஸ்கார்பரோ பகுதியில் மகன் வீடு. ஈழத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் இடம். போன மறுவாரமே மகன் பேச்சை எடுத்தார். “இனி இங்கயே இருந்துக்குங்கம்மா. அந்தத் தோட்டத்தை யாருக்காக வெச்சிருக்கீங்க?” ஊரில் தரகர் ஒருவர் விலை கேட்டு இரண்டு முறை வந்து போயிருந்தார். “பாக்கலாம் கண்ணு” என்றதோடு அந்த அம்மா நிறுத்திக்கொண்டார். வீட்டுக்குப் பின்னால் இருபதடிக்குப் பதினைந்தடி புல்தரை இருந்தது. அதைக் கொத்திக் கொடுக்கச் சொன்னார்.

மே இரண்டாம் வாரம் தொடர்ந்து நான்கு நாள் நல்ல வெயில். பகலில் 22 டிகிரி. தமிழ்க்கடையில் நாற்று வந்திருந்தது. கத்தரி பன்னிரண்டு, தக்காளி பத்து, மிளகாய் எட்டு வாங்கி நட்டுவிட்டு, ஓரத்தில் வெண்டையும் ஊன்றினார். பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், அங்கே முப்பது வருஷம் குளிர் பார்த்தவர், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார்.

“என்னக்கா, இப்பவே நட்டுப்போட்டீங்களோ? விக்டோரியா டே கழியட்டும். இன்னும் ஒரு குளிர் இருக்குது.”

இவர் சிரித்து வைத்தார். இவ்வளவு வெயிலில் என்ன குளிர் என்ற நினைப்பு.

மூன்றாம் நாள் இரவு வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. காற்றே இல்லை. விடிந்து பார்த்தால் புல்லின் மேல் உப்புத் தூவினாற்போல் வெள்ளை. நாற்றெல்லாம் வெந்நீர் ஊற்றியது மாதிரி துவண்டு கிடந்தது. மதியத்துக்குள் கறுத்துவிட்டது. பணம் பெரிதில்லை. “விவசாயம் எனக்குத் தெரியும்” என்று மருமகளிடம் சொல்லித்தான் புல்தரையைக் கொத்தச் சொல்லியிருந்தார். அன்றைக்குக் காலைச் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

மேகம் இருக்கும் இரவில் மண்ணின் சூடு மேலே போகாமல் போர்வை போட்டதுபோல் நிற்கும். தெளிந்த வானமும் அசையாத காற்றும் சேர்ந்தால் அந்தச் சூடு முழுக்க வெளியேறிவிடும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மார்கழி, தை மாதங்களில் பள்ளமான வயல்களில் உறைபனி இறங்குவதும் இப்படித்தான். டொரொன்டோவில் அது மே மாதத்திலும் வரும் என்பதுதான் வித்தியாசம். நகரத்தின் தெற்கே ஒன்டாரியோ ஏரி கடல்போல் கிடக்கிறது. அதன் கரையை ஒட்டிய தெருக்களில் உறைபனி சீக்கிரம் ஓயும். வடக்கே தள்ளிப் போகப் போக மே நடுப்பகுதி தாண்டியும் பயம் உண்டு. ஒரே ஊருக்குள் இரண்டு பட்டம் என்றே சொல்லலாம். அதனால் அங்குள்ளவர்கள் விக்டோரியா டே என்ற விடுமுறையைக் கணக்காக வைத்திருக்கிறார்கள். மே 25-க்கு முந்தைய திங்கட்கிழமை அது. கத்தரி, மிளகாய், தக்காளி அதற்குப் பிறகுதான் தரைக்கு இறங்கும். நமக்கு ஆடிப்பட்டம் மாதிரி.

மண்ணும் கவனிக்க வேண்டிய விஷயம். காற்றில் 22 டிகிரி இருந்தாலும் பனிக்காலம் முழுக்க உறைந்து கிடந்த மண் சூடேற வாரக்கணக்கில் ஆகும். வெண்டைக்கு மண்ணில் 18 டிகிரிக்கு மேல் வேண்டும். குளிர்ந்த ஈர மண்ணில் விதை முளைக்காது, அழுகும். அந்த அம்மா ஊன்றிய வெண்டை அப்படித்தான் போனது. கடை நாற்றானாலும் வீட்டுக்குள் விட்ட நாற்றானாலும், நடுவதற்கு முன் ஒரு வாரம் பத்து நாள் பகலில் கொஞ்ச நேரம் வெளியே வைத்து, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டிப் பழக்க வேண்டும். பக்கத்து வீட்டு அம்மா மே மாதம் முழுக்கத் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளேயும் வெளியேயும் நடந்ததன் அர்த்தம் இவருக்கு அப்போதுதான் விளங்கியது.

ஜூன் முதல் வாரம் மறுபடி நட்டார். இந்த முறை அவரே அசந்துபோகிற அளவுக்குச் செடி வளர்ந்தது. ஜூன் மூன்றாம் வாரத்தில் அங்கே பகல் ஏறக்குறைய பதினைந்தரை மணி நேரம். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம். மழையும் நம் ஊர்போல் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ப்பதில்லை. வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர், பனியும் மழையுமாக எல்லா மாதத்திலும் பரவிப் பெய்கிறது. ஆகஸ்டில் தக்காளி தின்று தீரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வாளி போனது. அங்கிருந்து பயிற்றங்காய் வந்தது.

மொச்சைக்கு வருவோம். மளிகைக்கடைப் பொட்டலத்தில் இருந்த மொச்சையைப் பார்த்ததும் ஆசைப்பட்டு இருபது விதையை வேலியோரம் ஊன்றியிருந்தார். ஊரிலிருந்து விதை எடுத்துப் போகாதது நல்லதே. விதை, செடி, மண் எதுவானாலும் அங்கே சுங்கத்தில் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்; மறைத்தால் அபராதம்.

கொடி கொழுத்தது, பூ வரவில்லை. உரக் குறை இல்லை. யூரியா வைத்திருந்தால் இன்னும் இலைதான் கூடியிருக்கும். நம் நாட்டு மொச்சை பகல் குறுகுவதைப் பார்த்துப் பூக்கிற பயிர். ஆடியில் விதைத்தாலும் கார்த்திகை, மார்கழியில் பூத்துப் பொங்கலுக்குக் காய் கொடுப்பது அதனால்தான். ஒட்டன்சத்திரத்தில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். அந்தச் சின்ன மாற்றத்தையே செடி கண்டுகொள்ளும். டொரொன்டோவில் அந்த வித்தியாசம் ஆறரை மணி நேரம். செப்டம்பர் கடைசி வாரத்தில்தான் பகல் பன்னிரண்டு மணிக்கு இறங்குகிறது. அதற்குப் பிறகு பூத்துக் காய்க்க நாள் ஏது? அக்டோபரில் மறுபடி உறைபனி வந்துவிடும். அங்கே பயறு வகை வேண்டுமென்றால் பீன்ஸ் போடலாம், அல்லது பகல்நீளத்தைப் பொருட்படுத்தாத குத்து ரகங்களைப் போடலாம்.

பதில் கிடைத்த பிறகும் அந்த அம்மா கொடியைப் பிடுங்கவில்லை. செப்டம்பர் கடைசியில் வெள்ளைப் பூ வந்தது. அக்டோபர் முதல் வாரம் பிஞ்சு நகத்தளவு. இரவு 1 டிகிரி என்று வானிலை அறிக்கை சொன்ன அன்று, பழைய படுக்கை விரிப்பை எடுத்துச் சாயங்காலமே கொடியின் மேல் மூடினார். துணிதான் நல்லது, பிளாஸ்டிக் இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும். இரண்டு இரவு தப்பியது. மூன்றாம் இரவு துணிக்கு அடங்கவில்லை. ஒரு பொரியலுக்குக்கூடத் தேறவில்லை.

அந்த இடத்தைக் கொத்தி, பக்கத்து வீட்டு அம்மா கொடுத்த பூண்டுப் பல்லை ஊன்றினார். குளிர் வருமுன் நட்டால் வேர் பிடித்து, பனிக்கு அடியில் கிடந்து, வசந்தத்தில் எழுந்து ஜூலையில் அறுவடைக்கு வரும். கொடைக்கானல் மலைப்பூண்டு தெரிந்தவருக்குப் பூண்டு குளிர் கேட்கும் என்பது புதிதல்ல. நான்கு மாதம் உறைந்த மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும் என்பதுதான் நம்ப முடியவில்லை.

“பனிக்குள்ளேயே கிடக்கட்டும் அக்கா. ஆடியில கிண்டலாம்.”

சமையலறையில் ஊரிலிருந்து கொண்டுபோன நாள்காட்டி தொங்கியது. கொல்லையில் வேலை முடிந்த அன்று தாளில் ஐப்பசி நடந்துகொண்டிருந்தது. ஊரில் மழை இறங்கும் நேரம். இங்கே நடவு ஆரம்பிக்கிற மே மாதத்தில் அங்கே கிணறு அடியில் கிடக்கும், காடு சும்மா கிடக்கும். மகன் மறுபடி தரகர் பேச்சை எடுத்தபோது அவர் தாளைப் புரட்டிக்கொண்டே சொன்னார். “பூண்டு கிண்ட வரோணுமல்ல கண்ணு, வாரேன். அதுவரைக்கும் எனக்கு அங்க சோலி கெடக்குது. அந்தாளை இனி வர வேண்டாம்னு சொல்லிப்போடு.”

மகன் அன்று ஒன்றும் பேசவில்லை. மே மாதத்துக்கு டிக்கெட் விலை பார்த்ததாக மருமகள் பிறகு சொன்னாராம்.

கார்த்திகை பிறந்து மறுபடி ஒரு கேள்வி வந்தது, இந்த முறை ஒட்டன்சத்திரத்திலிருந்தே. வாரக்காரர் ஆடியில் ஊன்றிய மொச்சை பூவெடுத்திருக்கிறது, பூங்கொத்தில் கருப்பாக அசுவினி அப்பியிருக்கிறது, என்ன தெளிக்கலாம் என்று. பொறிவண்டு நிறையத் தென்பட்டால் இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்க்கலாம். இல்லையென்றால் 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் கட்டி இரவு முழுக்க ஊறவைத்து, சாறு பிழிந்து 100 லிட்டர் ஆக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலத்தில் தெளிக்கவும்.