ஒருநாள் வழி

பனவடலிசத்திரம் என்னும் ஊர்ப்பெயரில் இரு சொற்கள் குடிகொண்டுள்ளன. வடலி என்பது இளம் பனை. சத்திரம் என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில் உள்ள இவ்வூரிலிருந்து பங்கு மக்களை அழைத்துக்கொண்டு திருயாத்திரை புறப்பட்டபோது, இளைப்பாறுதல் என்பதையே நாம் அறவே மறந்துபோனோம். அக்குற்றத்தை ஒளிக்காமல் இங்கே எழுதுகிறோம்.

தூத்துக்குடி, மணப்பாடு, உவரி, வடக்கன்குளம், காற்றாடிமலை ஆகிய ஐந்து தலங்களையும் ஒரே நாளில் தரிசிப்பதென்று திட்டம். பேருந்து வாடகை ஒருநாளைக்குத்தானே? எத்தனை தலங்களைச் சேர்க்கிறோமோ அத்தனையும் ஆதாயம் என்று மக்கள் எண்ணினர். நாமும் அவ்வாறே எண்ணினோம்.

விடியுமுன் செபமாலை சொல்லிப் புறப்பட்டோம். 1713-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டு, 1982-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பெற்ற தூத்துக்குடிப் பனிமயமாதா ஆலயத்தில் திருப்பலி முடிந்ததும், கைக்கடிகாரத்தைக் காட்டி எல்லாரையும் விரட்டினோம். மணப்பாட்டில் கடலோர மணற்குன்றின்மீது திருச்சிலுவை ஆலயம். அதன் அருகே, 1542-இல் இக்கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கிச் செபித்ததாக மக்கள் போற்றும் குகை. அங்கே அரைமணி நேரம் கொடுத்தோம். பின் விசில் ஊதினோம். இருக்கைகள் நிறைந்தாற்போல் தோன்றவே, வண்டியை எடுக்கச் சொன்னோம்.

உவரி நெருங்குகையில் ஒரு சிறுவன் அழுதான்: "எங்க ஆச்சியக் காணோம்!"

வாசகரே, அப்போது நம் உள்ளத்தில் எழுந்த முதல் நினைவு அம்மூதாட்டியைப் பற்றியதன்று. 'இனி காற்றாடிமலைக்கு எப்போது போய்ச் சேர்வது?' என்பதே அது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் குருவாய் இருந்தும் நம் நெஞ்சில் முந்தி வந்து நின்றது கடிகாரமே என்பதை எண்ண, இன்றும் வெட்கம் மேலிடுகிறது.

வண்டியைத் திருப்பினோம். ஆச்சி குகை வாயிலில் செபமாலையுடன் அமர்ந்திருந்தார். நம் முகத்தைப் பார்த்துவிட்டு நமக்கே ஆறுதல் சொன்னார்: "நான் எங்க சாமி போயிரப் போறேன்? கும்பிட வந்தேன், கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்." திருயாத்திரை வந்தவர் அவர் ஒருவரே, நாமெல்லாம் ஊர் சுற்ற வந்தவர்கள் என்று அப்போது விளங்கிற்று.

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில், பாஸ்கா விழா முடிந்து திரும்பிய மரியன்னையும் சூசையப்பரும், பன்னிரண்டு வயதுப் பாலன் யாத்திரிகர் கூட்டத்தில் இருப்பார் என்று எண்ணி ஒருநாள் வழி நடந்துவிட்டனர். அவர்கள்மீது குற்றம் காண நாம் யார்? எனினும், 'கூட்டத்தில் இருப்பார்' என்னும் எண்ணம் நம் இல்லங்களிலும் உண்டு. திண்ணையில் இருக்கும் தாயார் சாப்பிட்டிருப்பார், பேசாத மகன் நன்றாகவே இருப்பான் என்று எண்ணிக்கொண்டு, நாமும் நெடுந்தூரம் போய்விடுகிறோம். தேவதாயும் சூசையப்பரும் உடனே திரும்பித் தேடினார்கள். நாம் தேடுகிறோமா?

அன்று வடக்கன்குளத்துக்கும் காற்றாடிமலைக்கும் போக இயலவில்லை. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டு, 2022 மே 15-இல் புனிதராக உயர்த்தப்பெற்ற தேவசகாயத்தின் தலங்களுக்கு, அவற்றுக்கென்றே வேறொரு நாள் ஒதுக்கிச் சென்றுவந்தோம்.

அதன்பின் ஒரு நாளுக்கு ஒரு தலம் என்று வரையறுத்தோம். முதியவர் ஒவ்வொருவருக்கும் ஓர் இளைஞர் துணை. இருக்கையைப் பாராமல், பெயர் சொல்லி அழைத்த பின்பே வண்டி நகரும். செலவும் குறைந்தது, பணமில்லை என்று வீட்டில் நின்ற குடும்பங்களும் வந்தன.

இவ்வாறு நாம் முதலில் சென்றது காமநாயக்கன்பட்டிக்கு. இத்தாலியில் பிறந்து, பின்னர்ச் சூசையப்பரின் வரலாற்றைத் தேம்பாவணியாகப் பாடிய வீரமாமுனிவர் தொண்டாற்றிய பழம்பெரும் பரலோகமாதா தலம் அது. காலையில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் சேர்ந்துவிடலாம். இவ்வளவு அருகில் இருந்தும், தொலைதூரத் தலங்களையே கணக்கிட்டுக்கொண்டிருந்தோமே! அன்று பகல் முழுவதும் அங்கேயே தங்கினோம். கட்டுச்சோற்றைப் பகிர்ந்து உண்டோம். விசில் வீட்டிலேயே கிடந்தது.

புறப்படும்போது பெயர்களை வாசித்தோம். ஆச்சி முன் இருக்கையில் இருந்தபடியே குரல் கொடுத்தார்: "நான் இருக்கேன் சாமி. இந்தத் தடவ நீங்க தொலஞ்சு போயிராதீங்க!"

வண்டி முழுதும் சிரிப்பு. நாமும் சிரித்தோம், ஆயினும் அதை ஓர் அறிவுரையாகவே இன்றளவும் நெஞ்சில் வைத்திருக்கிறோம்.