தும்பா ஆலயமும் விண்வழிக் கணக்கும்

திருவனந்தபுரம் நகரிலிருந்து வடக்கே கடலோரமாகச் செல்பவர்கள் தும்பா என்னும் மீனவச் சிற்றூரை அடைவார்கள். அங்கே, விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் வளாகத்தில், புனித மகதலா மரியாளின் பெயரால் எழுப்பப்பட்ட ஆலயம் ஒன்று நிற்கிறது. இன்று அதில் திருப்பலி இல்லை; மணியோசை கேட்டு ஓடி வரும் பங்கு மக்களும் இல்லை. அவர்கள் முழந்தாளிட்டு மன்றாடிய கூடத்தில் ராக்கெட்டுகளின் மாதிரிகளும், செயற்கைக் கோள்களின் மாதிரிகளும் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. ஆலயம் விண்வெளி அருங்காட்சியகமாகிவிட்டது.

உள்ளே காலடி வைக்கும் கத்தோலிக்கருக்கு முதலில் தோன்றுவது ஒருவிதத் தயக்கமே. அடுத்த கணம், இவ்விடம் எவ்வாறு கைமாறிற்று என்னும் வரலாறு நினைவுக்கு வருகிறது. பூமியின் காந்த நடுக்கோடு தும்பாவுக்கு மிக அருகில் செல்கிறது. உயர் வளி மண்டலத்தை ஆராய இதனினும் ஏற்ற இடம் அரிது. ஆகவே 1960-களின் தொடக்கத்தில் டாக்டர் விக்ரம் சாராபாய் இவ்விடத்தை நாடி, அந்நாளைய ஆயர் மேதகு பீட்டர் பெர்னார்டு பெரெய்ராவை அணுகினார். ஆயர் தாமாக முடிவு சொல்லவில்லை. ஞாயிறு வழிபாட்டில் தம் மக்களிடமே கேட்டார். அவர்கள் ‘ஆமென்’ என்று இசைந்தார்கள். இதனை அப்துல் கலாம் நெகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். ஆலயமும் ஆயர் இல்லமும் விஞ்ஞானிகளின் முதற் பணியிடங்களாயின. 1963 நவம்பர் 21-ஆம் நாள் இக்கரையிலிருந்து முதல் ராக்கெட் விண்ணில் எழுந்தது. மக்களுக்கு அருகே பள்ளித்துறையில் வேறோர் ஆலயம் அமைந்தது.

கூடத்தில் நாம் காண்பவை கண்ணுக்குத் தெரியும் மாதிரிகள். ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒன்று உண்டு. அது கணிப்பொறியில், எண்களால் மட்டுமே கட்டப்படுவது. செவ்வாய்க் கோளுக்குக் கலம் அனுப்புபவர் ஒருமுறை போய்ப் பார்த்துத் திரும்பிவந்து வழியைத் திருத்த இயலாது. எனவே ராக்கெட் தரையிலிருந்து எழுமுன்பே, அப்பயணம் கணிப்பொறியில் பலநூறு முறை நடத்திப் பார்க்கப்படுகிறது.

இக்கணக்கின் இயல்பைக் கடலோர மக்கள் எளிதில் உணர்வார்கள். ஓடும் மீன் கூட்டத்தைப் பிடிக்க வேண்டுமானால், மீன் இப்போது இருக்கும் இடத்தில் வலை வீசிப் பயனில்லை. அது வந்து சேரப்போகும் இடத்தில் வீச வேண்டும். செவ்வாயும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் நிற்கும் பூமியும் ஓடுகிறது. சிக்கனமான வழியில் புறப்படத் தக்க வேளை ஏறக்குறைய 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் வாய்க்கிறது. சூரியன், பூமி, சந்திரன், செவ்வாய் ஆகியவற்றின் ஈர்ப்பை மட்டுமன்றி, சூரிய ஒளி கலத்தின்மீது செலுத்தும் மெல்லிய அழுத்தத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதன்பின், ‘எஞ்சின் சற்றுக் குறைவாக எரிந்தால் என்ன ஆகும்? திசை ஒரு நூலளவு பிசகினால் என்ன ஆகும்?’ என்று ஒவ்வொன்றாய் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள்.

2013 நவம்பர் 5-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மங்கள்யான் புறப்பட்டது. அதனை ஏந்திச் சென்ற பி.எஸ்.எல்.வி. ராக்கெட் இந்தத் தும்பா மையத்தில் உருவானதே. கலம் உடனே செவ்வாயை நோக்கி ஓடவில்லை. பூமியைச் சுற்றிச் சுற்றித் தன் பாதையைப் படிப்படியாய் நீட்டிக்கொண்டது. நவம்பர் 11-ஆம் நாள், பாதையின் மிகத் தொலைவான முனையை ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு உயர்த்த முயன்றபோது, அது 78 ஆயிரத்தோடு நின்றுவிட்டது. நாடு கவலையுற்றது. ஆயினும் மறுநாளே மீண்டும் எஞ்சினை இயக்கி, 1 லட்சத்து 18 ஆயிரம் கிலோமீட்டருக்கு உயர்த்திவிட்டார்கள். குறை நேர்ந்தால் ஈடுசெய்வதற்கு வேண்டிய எரிபொருள் கலத்தில் இருந்தது. நெடுவழியில் பாதையைத் திருத்துவதற்கும் நாட்கள் குறிக்கப்பட்டிருந்தன. கலம் சரியாகவே சென்றதால் அவற்றுள் ஒன்று தேவைப்படவில்லை. 2014 செப்டம்பர் 24-ஆம் நாள் அது செவ்வாயை அடைந்தது. அவ்வளவு தொலைவிலிருந்து செய்தி வந்து சேரவே 12 நிமிடங்கள் ஆகும். ஆகவே இறுதிக் கட்டளைகள் யாவும் சில நாட்களுக்கு முன்னரே கலத்தில் பதிக்கப்பட்டிருந்தன. ஆறு மாதங்களுக்கென அனுப்பப்பட்ட அக்கலம், 2022-இல் தொடர்பு அறும்வரை பல ஆண்டுகள் நிலைத்திருந்தது.

கணிப்பொறியைத் தெய்வமாக்கவும் கூடாது. அதன் எச்சரிக்கையை இகழவும் கூடாது. 1999-இல் அமெரிக்கா செவ்வாய்க்கு அனுப்பிய கலம் ஒன்று, அதை அடையும் வேளையில் அழிந்தது. ஒரு குழு பவுண்டு அளவில் தந்த எண்களை மற்றொரு குழு மெட்ரிக் அளவாகக் கொண்டதே காரணம். இட்ட எண் மெய்யா பொய்யா என்று இயந்திரம் கேட்பதில்லை. அதற்கு மாறான பாடம் இத்தும்பாவுக்கே உரியது. இங்கு உருவான எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டை 1979 ஆகஸ்ட் 10-ஆம் நாள் ஏவுகையில், இறுதி நேரத்தில் கணிப்பொறி ‘நிறுத்து’ என்றது. அதை மீறி ஏவ ஆணையிட்டவர் தாமே என்று கலாம் பின்னாளில் பல மேடைகளில் ஒளிக்காமல் கூறினார். ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் அதே வகை ராக்கெட் ரோகிணியை விண்ணில் சேர்த்தது.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் செலவைக் கணக்கிட வேண்டும் என்னும் உவமையை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். நாமும் கணக்கிடுகிறோம்: பிள்ளைகளின் படிப்பு, மகளின் திருமணம், வீட்டுக் கடன். ஆனால் நம் கணக்கில் தவறுக்கென்று இடம் விடுகிறோமா? மகன் ஒரு தேர்வில் தவறினால், ‘எல்லாம் போயிற்று’ என்று வீடே இருண்டுவிடுகிறது. விண்வழி வகுப்போரோ, பிழை நேரும் என்று முன்னரே ஒப்புக்கொண்டு, திருத்துவதற்கென எரிபொருளை ஒதுக்கிவைக்கிறார்கள். சிறு பிசகை உடனே திருத்தினால் சிறிதளவே செலவு; காலம் தாழ்த்தினால் பெருஞ்செலவு. திருச்சபை நமக்கு ஒப்புரவு அருட்சாதனத்தை வைத்திருப்பதும் இவ்வாறன்றோ?

வெளியே வந்து ஆலய முகப்பை மீண்டும் ஒருமுறை நோக்கினேன். ஏழு பேய்களினின்று விடுவிக்கப்பட்டு, வாழ்வின் திசை மாறி, உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்ட மகதலா மரியாளின் பெயர் இவ்விடத்துக்கு எத்துணைப் பொருத்தம்! அன்று ‘ஆமென்’ என்ற மீனவ மக்களிடம் கணிப்பொறியும் இல்லை, வருங்காலத்தின் வரைபடமும் இல்லை. தாங்கள் இழப்பது இன்னதென்று மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதைத் தெரிந்தே கொடுத்தார்கள்.